மாடத்தி எந்த ஜன்னலில் இருக்கிறாள்?

மனித நாகரிகத்தை உயர்த்தியவை மூன்று: நெருப்பு, சக்கரம், சூர்யபிரகாஷின் ஃபாரம். முதல் இரண்டும் சிவகாசிப் பக்கம் ஏற்கெனவே பெட்டி பெட்டியாகத் தயாராகி வந்தன. மூன்றாவதை 2004-இல், அச்சங்குளம் பட்டாசு முதலாளி காளிராஜின் மகன், எம்.சி.ஏ. முடித்த கையோடு, ஆள் கணக்கு வைக்கக் கம்ப்யூட்டரில் செய்து அருளினான்.

அதன் மாண்பு இது: திரையில் ஒரு ஜன்னலில் கம்பெனியைத் தொட்டால் அடுத்த ஜன்னலில் ஃபோர்மேன் வருவார். ஃபோர்மேனைத் தொட்டால் அவருடைய அறைகள். அறையைத் தொட்டால் ஆட்கள். யாரும் யாரையும் தாண்டி வர முடியாது. பேரைச் சொல்லித் தேடுவது அநாகரிகம் என்று சூர்யபிரகாஷ் கருதினான். காளிராஜ் மட்டும், "இதனால என்னலே பிரயோசனம்?" என்று தினமும் கேட்டு அவன் மனதை நோகடித்தார்.

சீசன் நேரத்தில், இருந்த ஒரே ஃபோர்மேன் சங்கையா வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். சூர்யபிரகாஷ் அவர் பேரை நீக்கினான். "இவருக்குக் கீழ் உள்ளவற்றையும் நீக்கலாமா?" என்று கம்ப்யூட்டர் பணிவாகக் கேட்டது. பணிவு அவனுக்குப் பிடிக்கும். "சரி" என்று அழுத்திவிட்டான்.

மறுநாள் மாடத்தி வந்து நின்றாள். புஸ்வாணத்துக்கு மருந்து கெட்டிக்கும்போது பொறி பறந்து கை வெந்துவிட்டது. அவள் இங்கே வேலை பார்ப்பவள்தான் என்று கம்பெனி சீட்டு கொடுத்தால்தான் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் வைத்தியம்.

"சின்ன மொதலாளி, சீட்டு குடுங்க. கை காந்துது."

"எந்த ரூம்க்கா?"

"மருந்து ரூம்."

"அப்படி ரூமே இல்லையே."

"அந்தா தெரியுதுல்லா!"

"அந்த ஜன்னல் வழியா பாக்காதீக. இந்த ஜன்னல்ல பாருங்க. ஃபோர்மேன் இல்லாம ரூம் இருக்காது. ரூம் இல்லாம நீங்க இருக்க மாட்டீக."

"உங்க முன்னாலதான நிக்கேன்?"

"நிக்கீக. யாருக்குக் கீழ நிக்கீக?"

மாடத்தி அண்ணாந்து பார்த்தாள். "இந்தக் காத்தாடிக்குக் கீழ."

வெந்த கையைப் பார்க்க அவனுக்கே பாவமாக இருந்தது. "பழைய கணக்கோட காப்பி இருக்குக்கா. எல்லாரையும் கொண்டாந்துருதேன்" என்று ஒரு சி.டி.யை எடுத்தான்.

அதற்குள் வாசலில் ஜீப் வந்து நின்றது. ஆலைகளைச் சோதிக்கும் அதிகாரி. பின்னாலேயே காளிராஜ் வெளிறிய முகத்தோடு ஓடி வந்தார்.

"எத்தனை பேர் வேலை செய்றாங்க?"

சூர்யபிரகாஷ் திரையை அவர் பக்கம் திருப்பினான். பூஜ்யம்.

"விபத்து ஏதாவது?"

"ஆளே இல்லாம எப்படி சார் விபத்து நடக்கும்?" என்றார் காளிராஜ். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது.

அதிகாரி மாடத்தியின் கையைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். திரை கலரில் இருந்தது. "கம்ப்யூட்டரே சொல்லிருச்சே" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு பட்டாசு கிஃப்ட் பாக்ஸை அணைத்தபடி ஜீப்பில் ஏறினார்.

சி.டி.யைச் செருகப்போன மகனின் கையை காளிராஜ் பிடித்துக்கொண்டார். "ஏலே, தீபாவளி கழியட்டும்லே! ஆபீசர் வந்தா அம்புட்டுப் பேரையும் பின்வேலி வழியா ஓடவிட்டு, திரும்பக் கூப்பிட்டு... எம்புட்டு வருசப் பாடு! ஒரே பட்டன்ல முடிச்சிட்டியே!"

அப்பா பாராட்டியது அதுவே முதல் தடவை. சூர்யபிரகாஷுக்குக் கண் கலங்கியது. சி.டி.யை டிராயரில் வைத்துப் பூட்டினான்.

"அப்ப என் கை?" என்றாள் மாடத்தி.

அதற்கு அந்த ஃபாரத்தில் ஜன்னல் இல்லை.

அக்கம்பக்கத்து முதலாளிகளும் அதை ஆசையாக வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். மனிதரின் சிரமத்தைக் குறைக்கத்தானே விஞ்ஞானம்? ஆபீசர் வந்தால் தொழிலாளிகள் இப்போது முள்வேலி தாண்டி ஓட வேண்டியதில்லை. உட்கார்ந்து மருந்து கெட்டிக்கும் இடத்திலேயே இல்லாமல் போய்விடலாம்.