சீக்கு அண்ணாச்சியும் பதினோரு பாகம் கம்பியும்

தூத்துக்குடியில் இன்றுவரை ஒரு தும்மல்கூடப் போடாத மனிதர் ஒரே ஒருவர்தான். அவருக்கு ஊர் வைத்த பெயர் சீக்கு அண்ணாச்சி.

கொண்டல் காற்றில் ஊரே மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரியும் மாதங்களிலும் அவர் விடியும் முன்னே பச்சைத்தண்ணீரில் குளித்துவிட்டு, மீன்பிடித் துறைமுகம்வரை நடந்து திரும்புவார். பிறகு கடையைத் திறப்பார். மிக்சி, கிரைண்டர் மோட்டார்களுக்குச் செம்புக்கம்பி சுற்றிக் கொடுக்கும் கடை. அப்படிப்பட்டவருக்கு இந்தப் பெயர் வந்ததற்கு ஒருவகையில் நானும் காரணம்.

எங்கள் காம்பவுண்டில் மூன்று வீடுகள். முதல் வீட்டில் சொந்தக்காரரான டீச்சர். நாசரேத்துக்காரர், பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றும் அதட்டலிலிருந்து ஓய்வு பெறாதவர். நடுவீட்டில் அண்ணாச்சியும் அவர் மனைவி மதினியும். கடைசி வீட்டில் என் தையல் மெஷினும் நானும். எனக்குப் படிப்பு பத்தாவதோடு நின்றுவிட்டது. நாலு பேர் சேர்ந்து நின்றால் பேச்சும் நின்றுவிடும். ஆகவே சுவர் வழியாக வருவதைக் கேட்டுக்கொள்வேன்.

அண்ணாச்சிக்கு ஐம்பத்திரண்டு வயதில் ஹாம் ரேடியோ ஆசை வந்தது. வீட்டிலேயே ரேடியோ நிலையம் வைத்து, முன்பின் தெரியாதவர்களோடு பேசுவது. அதற்குப் பரீட்சை உண்டு, டெல்லியிலிருந்து லைசென்ஸ் வர வேண்டும். ராப்பகலாகப் படித்தார். தந்தி மொழியும் பழகினார். சாப்பிடும்போது சட்னி வேண்டுமென்றால் வாயால் கேட்க மாட்டார். தட்டில் கரண்டியால் தட்டுவார்.

"வாயை என்ன வாடகைக்கு விட்டுட்டியளா?" என்பாள் மதினி.

லைசென்ஸ் வந்து, ரேடியோப் பெட்டியும் வந்த முதல் நாள் காலை. நான் ஜாக்கெட்டுக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சி கதறுகிறார்.

"சீக்யூ... சீக்யூ... சீக்யூ... யாராச்சும் இருக்கியளா? சீக்யூ!"

யாராக இருந்தாலும் பதில் சொல்லுங்கள் என்று ரேடியோக்காரர்கள் உலகம் முழுக்கக் கூப்பிடுவது அப்படித்தானாம். எனக்கு எப்படித் தெரியும்? என் காதில் விழுந்தது சீக்கு, சீக்கு என்றுதான். கத்தரிக்கோலைப் போட்டுவிட்டுக் குழாயடிக்கு ஓடினேன். "மதினி, அண்ணாச்சிக்குச் சீக்காம், கத்துதாங்க" என்றேன். என் வாழ்க்கையில் நானாகப் போய்ச் சொன்ன செய்திகள் குறைவு. அதில் இதுவும் ஒன்று.

மதினி குடத்தைப் போட்ட சத்தத்தில் தண்டல் உள்ளே வந்துவிட்டார். தோணியின் தலைவனைத் தண்டல் என்போம். இவர் மாலத்தீவுக்குத் தோணி ஓட்டி ஓய்ந்தவர், அண்ணாச்சியின் சிநேகிதர், பனைமர உயரம். கையில் கொண்டுவந்த மீனை என்னிடம் திணித்துவிட்டு, அண்ணாச்சியை அப்படியே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவுக்கு நடந்தார். அண்ணாச்சி காதில் ஹெட்போன் அப்படியே இருந்தது. அதன் ஒயர் பின்னால் வால் மாதிரி வந்தது.

"சீக்கு இல்ல வே! சீ... க்யூ!"

"அதத்தான வே நானும் சொல்லுதேன். சீக்கு! பேசாம வாரும்."

ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்துவிட்டு, இவருக்கு ஒன்றுமில்லை, கூட வந்தவருக்குத்தான் ரத்த அழுத்தம் என்று தண்டலுக்கு மாத்திரை கொடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே பெயர் தெரிந்துவிட்டது.

அடுத்தது மாடியில் சரியான ஆன்டெனா. அதுவரை ஜன்னலில் கட்டிய துண்டுக்கம்பிதான். மொட்டை மாடி நடுவில் ஒரு மூங்கில் கம்பம். அதன் உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் சரிவாக இறங்கும் செம்புக்கம்பி. இரண்டு பக்கமும் ஒரே நீளம் இருக்க வேண்டும். அண்ணாச்சி டேப் தேடினார். தண்டலுக்குக் கோபம் வந்துவிட்டது.

"கடலையே பாகத்துல அளந்தவன் வே நான். உம்ம கம்பியை அளக்க மாட்டனா?"

இரண்டு கைகளையும் விரித்தால் ஒரு பாகம். கடலின் ஆழமானாலும் கயிற்றின் நீளமானாலும் கடல்காரர்களுக்கு அதுதான் கணக்கு. ஒரு பக்கத்துக்கு அஞ்சரை பாகம் என்று முடிவாயிற்று. சீக்கிரம் முடியட்டுமென்று ஆளுக்கொரு பக்கம் அளந்து வெட்டினார்கள்.

கம்பி ஏறியது. ஆனால் எங்கள் ஊரில் மொட்டை மாடியில் நீளமாக ஒரு கம்பி போனால் அதற்குப் பெயர் கொடி. மறுநாளே அதில் டீச்சரின் போர்வை தொங்கியது. அதற்கடுத்த நாள் நான் நனைத்த லைனிங் துணிகள். அண்ணாச்சி ஒவ்வொன்றாக எடுத்து, மடித்து, அவரவர் வாசலில் வைத்துவிட்டுப் போவார். திட்டினதே இல்லை. "தங்கச்சி, துணி காயட்டும், வேண்டாங்கல. ஆனா உலகத்துக்கு நம்ம பாவாடை கேட்டுரும் பாத்துக்கோ" என்றார் ஒருமுறை.

உலகத்துக்கு எதுவும் கேட்கவில்லை என்பதுதான் துயரம். ஆறு மாதம் கூப்பிட்டார். கொச்சிக்காரர் பெங்களூர்க்காரரோடு பேசுவது இவருக்குக் கேட்கும். இவர் குறுக்கே புகுந்து பேசுவது யாருக்கும் கேட்காது. எனக்கு அந்த நிலைமை நன்றாகத் தெரியும். அனுப்புவது கம்பியில் ஏறுகிறதா, திரும்பி வருகிறதா என்று காட்டும் மீட்டரின் முள் சிவப்புப் பக்கமே சாய்ந்து கிடந்தது. மீட்டர் சரியில்லை என்று மூன்று தடவை மீட்டரைக் கழற்றிப் பூட்டினார்.

கம்பம் காற்றில் ஆடுவதைப் பார்த்துப் பார்த்து டீச்சருக்கு உறக்கம் கெட்டது.

"ஏம்ப்பா, செல்போன்ல துபாய்க்காரன் மூஞ்சியே தெரியுது. உனக்கு இது எதுக்கு?"

"செல்போன்ல நமக்குத் தெரிஞ்சவனைத்தான் கூப்பிட முடியும் டீச்சர். இதுல யாரு வருவான்னே தெரியாது. அதுதான் ருசி."

"ஒருத்தனும் வரலையே! வார ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வாரேன். அதுக்குள்ள ஒரு மனுசனாவது உனக்குப் பதில் பேசணும். இல்லைன்னா கம்பத்தை இறக்கிரணும்."

சனிக்கிழமை காலை அண்ணாச்சி தானே மாடிக்குப் போய்க் கம்பியை இறக்கிவிட்டார். வேறொருவர் கை வைத்து இறக்குவதைப் பார்க்க முடியாதாம். கீழே வந்து, சட்னி கேட்டுத் தட்டைக்கூடத் தட்டாமல் உட்கார்ந்திருந்தார். மதினி என்னைக் கூப்பிட்டாள்.

"ஏளா, இந்தக் கம்பியை மடிச்சு வைக்கணும். ஒரு முனையைப் பிடி."

சேலை மடிப்பதுபோல் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, நடுவை ஆணியில் மாட்டிவிட்டு இழுத்தோம். முனையோடு முனை சேரவில்லை. என் பக்கம் முடிந்துபோயிற்று. மதினி கையில் இன்னும் ஏழடி கிடந்தது. துணியில் இப்படி வந்தால் நான் மறுபடி வெட்டுவேன். அண்ணாச்சியிடம் சொல்லக் கூச்சமாக இருந்ததால் மதினியின் காதில் சொன்னேன். மதினி தெருவுக்கே கேட்கும்படிச் சொன்னாள்.

தண்டல் வந்தார். "நான் அஞ்சரை பாகந்தான் வே அளந்தேன்!"

"நானும் அஞ்சரை பாகந்தான் அளந்தேன்!"

"ரெண்டு பேரும் கையை விரிங்க" என்றாள் மதினி.

விரித்தார்கள். பனைமரத்துக்குப் பக்கத்தில் முருங்கைக்கன்று நின்றதுபோல் இருந்தது. அண்ணாச்சியின் விரல் தண்டலின் மணிக்கட்டைக்கூட எட்டவில்லை. ஆறு மாதமாக உலகம் பதில் சொல்லாததற்குக் காரணம் அங்கே கையை விரித்துக்கொண்டு நின்றது.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. என் இஞ்ச் டேப்பை வாங்கிக்கொண்டு ஓடினார். குறைந்த பக்கத்துக்குக் கடையிலிருந்து கம்பி கொண்டுவந்து ஒட்டுப் போட்டு, மதியத்துக்குள் மறுபடி ஏற்றிவிட்டார். மீட்டர் முள் சிவப்பை விட்டு இடது பக்கம் வந்து படுத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. டீச்சர் ஆராதனை முடிந்து வேதப்புத்தகப் பையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தண்டலும் மதினியும் சுவரோரம். நான் கதவுக்குப் பின்னால்.

"சீக்யூ, சீக்யூ, இங்கன தூத்துக்குடி..."

பெட்டியில் கடலிரைச்சல் மாதிரி ஒரு சத்தம். மறுபடி கூப்பிட்டார். மறுபடியும் இரைச்சல். டீச்சர் பையை எடுத்தார். மூன்றாம் தடவை கூப்பிட்டு அண்ணாச்சி பொத்தானிலிருந்து கையை எடுத்ததும் இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு ஆண் குரல்.

"தூத்துக்குடி, தூத்துக்குடி... நல்லா கேக்குது சாரே. கொல்லத்துல இருந்து பேசறேன். சொல்லுங்க சாரே."

ஆறு மாதம் உலகத்தைக் கூப்பிட்ட மனிதர் மைக்கைப் பிடித்துக்கொண்டு சிலையாகிவிட்டார்.

"பேசுப்பா!" என்று டீச்சர் எழுந்தே விட்டார். "அவரு வச்சிரப் போறாரு!"

அண்ணாச்சி மைக்கின் பொத்தானை அழுத்தினார். தொண்டையைச் செருமினார். பரீட்சைக்குப் படித்ததெல்லாம் எங்கே போயிற்றோ.

"சாப்பிட்டியளா?" என்றார்.

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "புட்டும் கடலையும் ஆச்சு சாரே. நீங்க?"

"இன்னும் இல்ல. பயத்துல இறங்கல."

அதற்குப் பிறகு அண்ணாச்சியைச் சொந்தமாகப் பேசவே யாரும் விடவில்லை. அங்கே மழை உண்டா என்று கேட்கச் சொன்னார் டீச்சர். புட்டுக்கு அரிசியை எவ்வளவு நேரம் ஊறப்போடுவார்கள் என்று கேட்கச் சொன்னாள் மதினி. கொல்லத்துத் துறைமுகத்தில் இப்போது எத்தனை பாகம் தண்ணீர் என்றார் தண்டல். எல்லாவற்றையும் அண்ணாச்சி மாற்றி மாற்றிக் கேட்டார். இருபது நிமிடம் கழித்துக் கொல்லத்துக்காரர் விடைபெற்றபோது டீச்சர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"கம்பம் நிக்கட்டும்" என்றார். "ஆனா காத்தடிச்சா ஆடக் கூடாது, சொல்லிட்டேன்."

இப்போது தினமும் காலை ஏழிலிருந்து எட்டுவரை அண்ணாச்சி பேசுகிறார். என் தையல் மெஷினின் மோட்டார் ஓடினால் அவர் ரேடியோவில் கரகரவென்று கேட்குமாம். அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை, மதினிதான் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். பண்டிகை நேரத்தில் எவ்வளவு துணி குவிந்து கிடந்தாலும் சரி, அந்த ஒரு மணி நேரம் நான் சுவிட்சைப் போடுவதில்லை. கையால் பட்டன் தைத்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறேன்.