சேம்சைடு கோல்

ஆறு–சைபர் என்று ஜெயித்துவிட்டு, பவுல்சாமி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஜெயிச்ச மனுஷன் மூஞ்சியா இது?" என்றாள் கிளாடிஸ். சர்ச்சில் மாலைப் பூசைக்குக் கிளம்பி, கைப்பையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"நான் எங்க ஜெயிச்சேன்? உன் புள்ள என்னை ஜெயிக்க வைக்கிறான்."

"போன வருஷம் பூரா தோத்துட்டு சண்டை போட்டீங்க. இப்ப ஜெயிச்சாலும் சண்டையா?"

அவள் சொன்னதும் உண்மைதான். மகன் லாய்டு டப்ளினில் ஆஸ்பத்திரி நர்ஸ். போன தடவை மயிலாப்பூருக்கு வந்தபோது, டிவியோடு இணைத்து ஆடும் கால்பந்து விளையாட்டுப் பெட்டி ஒன்றை வாங்கி வைத்துவிட்டுப் போனான். இங்கே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆகும்போது அங்கே மத்தியானம். அவன் அங்கிருந்து ஆட, இவர் இங்கிருந்து ஆடுவார். சும்மா ஆடுவது பவுல்சாமிக்குப் பிடிக்காது என்பதால், தரவரிசையில் புள்ளி ஏறி இறங்கும் ஆட்டமாகவே ஆடினார்கள்.

பவுல்சாமி ரயில்வேயில் வேலை பார்த்த காலத்தில் சர்ச் பங்கு அணிக்கு லெஃப்ட் பேக், அதாவது இடதுபக்கத் தடுப்பாளராக, ஆடியவர். லாய்டோ பந்தை ஒரே ஒரு வேகக்காரனிடம் நீளமாகத் தள்ளிவிடுவான். அவன் ஓடிப்போய் கோல் போட்டுவிடுவான். ஒவ்வொரு தடவையும் அதே கதை.

"இது ஃபுட்பாலா? தொண்ணூறு நிமிஷமும் ஒருத்தன் இப்படி ஓடினா வாயில நுரை தள்ளும். இவனுக்கு வேர்க்கக்கூட இல்ல. பட்டனை அமுக்கிப் பிடிக்கிறது ஒரு திறமையா?"

"நீங்களும் அமுக்கலாமேப்பா" என்று லாய்டு மைக்கில் சிரிப்பான். அந்தச் சிரிப்பைக் கேட்கத்தான் வாரம் முழுக்க அவர் காத்திருந்தார். அதை வெளியே சொன்னதில்லை.

பொங்கலுக்குப் பிறகு எல்லாம் மாறியது. லாய்டின் மைக் கெட்டுப்போனதாம். திரையில் ஓரிரு வார்த்தை தட்டி அனுப்புவதோடு சரி. ஆட்டமும் தலைகீழானது. வேகக்காரன் பந்தை விட்டுவிட்டு மைதானத்துக்கு வெளியே ஓடினான். இன்று கோல்கீப்பர் கோலை அம்போவென்று விட்டுவிட்டு, கார்னர் கொடி பக்கம் போய் நின்றான்.

"கொடிகிட்ட அவனுக்கு என்ன வேலை? வேணும்னே பண்றான். அப்பனுக்கு வயசாயிடுச்சு, தோத்தா மனசு கஷ்டப்படும்னு நினைக்கிறான். நான் என்ன நோயாளியா?"

"புதன்கிழமை போன் பண்ணுவான் இல்ல, கேளுங்க" என்று சொல்லிவிட்டு கிளாடிஸ் பூசைக்குப் போனாள்.

புதன்கிழமை வீடியோ அழைப்பை முதலில் எடுத்தது மருமகள் ஜஹீதா.

"சாப்டியாம்மா?"

"சாப்டேன் மாமா. நீங்க?"

"ஆச்சும்மா."

அதோடு இருவரும் லாய்டு எங்கே என்று பார்க்க ஆரம்பித்தார்கள். கல்யாணமாகி இரண்டு வருடமாக அவர்கள் பேசிக்கொண்டது இவ்வளவுதான். இந்தப் பெண்ணைத்தான் கட்டிக்கொள்வேன் என்று லாய்டு நின்றபோது பவுல்சாமி கொஞ்ச நாள் விறைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு கோபம் போய்விட்டது. பேச்சு மட்டும் வந்து சேரவில்லை. என்ன பேசுவதென்று அவருக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

லாய்டு வந்ததும் நேராகக் கேட்டார். "எனக்கு விட்டுக்கொடுக்கிறியாடா?"

"சத்தியமா நான் விட்டுக்கொடுக்கலப்பா" என்றான் லாய்டு. ஆனால் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

"அப்ப ஒழுங்கா ஆடு. உயிரைக் கொடுத்து ஆடு. எனக்கு உன் பரிதாபம் வேணாம்."

"சரிப்பா. சொல்றே… ஆடுறேன்பா."

அடுத்த ஞாயிறு எதிரணி உண்மையிலேயே உயிரைக் கொடுத்து ஆடியது. பந்து எங்கே இருந்தாலும் பவுல்சாமியுடைய ஆட்களின் காலிலேயே வந்து விழுந்தார்கள். முதல் பாதி முடிவதற்குள் மூன்று பேர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார்கள். எட்டு பேரை எதிர்த்து ஆடி, ஒன்பது–சைபர் என்று ஜெயித்த பவுல்சாமிக்கு அழுகை வராத குறை.

"பாத்தியா கிளாடிஸ்? ஆளுங்களை வெளிய அனுப்பிட்டாவது தோத்துடணும்னு நிக்கிறான். தோக்கிறதுக்கு எவ்வளவு மூளைய செலவு பண்றான் பாரு."

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் வரல" என்றாள் அவள்.

மறுநாள் கச்சேரி ரோட்டில் செல்போன் கடை வைத்திருக்கும் ஆசிஃபிடம் போனார். விளையாட்டுப் பெட்டியை மாட்டிக் கொடுத்தவன் அவன்தான். கதையை முழுவதும் கேட்டுவிட்டு ஆசிஃப் சொன்னான்:

"இன்னா அங்கிள், சிம்பிள் மேட்டரு. அவரு தோக்கணும்னு ஆடிக்கினு இருக்காரு. அவருக்கு முன்னாடி நீங்க தோத்துடுங்க. ஜெயிக்கிறத தவிர அவருக்கு வேற வழியே கெடையாது."

"அது நியாயமாப்பா?"

"அவரு பண்றது மட்டும் நியாயமா?"

பவுல்சாமி யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, தன் லெஃப்ட் பேக்கைத் தன் கோலை நோக்கியே திருப்பினார். நிஜ மைதானத்தில் ஒருநாளும் சேம்சைடு கோல் போட்டவரில்லை அவர். கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அமுக்கினார். திரையில் அவருடைய கோல்கீப்பர் இடுப்பில் கைவைத்து அவரையே பார்ப்பதுபோல் இருந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது கோல் மட்டும் எதிரணி போட்டது. அதற்காகத் தன் ஆட்கள் அத்தனை பேரையும் பந்தின் பாதையிலிருந்து அவர் ஒதுக்கி நிற்க வைக்க வேண்டியிருந்தது. பந்து கோல் கம்பத்தில் பட்டு, திரும்பி வந்து, யாரோ ஒருவன் முதுகில் பட்டு உள்ளே போனது.

நாலு–சைபர். ஆட்டம் முடிந்ததும் திரையில் ஒரு வரி வந்தது: 'இன்னைக்கு நான் எப்படி ஆடினேன்?'

"கிண்டல் பண்றான்" என்றார் பவுல்சாமி.

அதற்கடுத்து இன்னொரு அறிவிப்பு ஆங்கிலத்தில் நீளமாக வந்தது. பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற கிளாடிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துச் சொன்னாள்.

"தொடர்ந்து நியாயமில்லாத ஆட்டமாம். ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வெச்சுக்கிட்டு ஆடுறீங்களாம். ரெண்டு பேருக்கும் ஒரு மாசம் தடை."

"பேசி வெச்சுக்கிட்டா? நானா?"

"சர்வீஸ்ல ஒரு மெமோகூட வாங்காதவர். ரிட்டயர் ஆனப்புறம் சஸ்பெண்ட் ஆன ஒரே ஆள் நீங்கதான்" என்று சொல்லி, கிளாடிஸ் சிரிக்க ஆரம்பித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

ஒரு மாதம். நான்கு ஞாயிற்றுக்கிழமை. அந்த நேரத்தில் வேறு என்ன செய்வது என்று பவுல்சாமிக்குத் தெரியவில்லை. மகனும் தன்னால் மாட்டிக்கொண்டான் என்பது இன்னும் உறுத்தியது. உடனே போனை எடுத்தார்.

ஜஹீதாதான் எடுத்தாள். முகமெல்லாம் சிரிப்பாக இருந்தாள். அவளை அவர் அப்படிப் பார்த்ததே இல்லை.

"லாய்டு இல்லியாம்மா?"

"வெளிய போயிருக்கார் மாமா."

வைத்துவிடலாம் என்று நினைத்தார். ஆனால் அவனிடம் நேரில் சொல்வதைவிட இவளிடம் சொல்வது சுலபம் என்று பட்டது.

"அவன்கிட்ட சொல்லிடும்மா. தப்பு என் பேர்லதான். அவன் விட்டுக்கொடுக்கிறான்னு எனக்கு ரோஷம். அதனால இன்னைக்கு நான் வேணும்னேதான் தோத்தேன். கம்பெனிக்காரன் கண்டுபிடிச்சு ரெண்டு பேருக்கும் ஒரு மாசம் தடை போட்டுட்டான்."

சிரிப்பு அவள் முகத்திலிருந்து மெல்ல இறங்கியது.

"வேணும்னேவா மாமா?"

"ஆமாம்மா. மூணு கோல் நானே போட்டுக்கிட்டது."

"நாலாவது?"

"அதுவும் நான் ஆளுங்களை ஒதுக்கி விட்டதாலதான். ஆனா பையன் கெட்டிக்காரன்மா. தோக்கிறதுல இவ்வளவு திறமையா ஒருத்தனை நான் பார்த்ததே இல்ல. கோல்கீப்பரைக் கொடிகிட்ட கொண்டு போனான் பாரு, அதெல்லாம் பெரிய ஆட்டக்காரனாலதான் முடியும். அப்பன் மேல அவ்வளவு பாசம்."

அவர் இவ்வளவு பேசி அவள் கேட்டதே இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள். அழப் போகிறாளோ என்று பவுல்சாமிக்குப் பயம் வந்துவிட்டது.

"என்னம்மா, நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?"

"பொங்கலுக்கு அப்புறம் லாய்டுக்கு எல்லா ஞாயித்துக்கிழமையும் டூட்டி, மாமா. உங்க ஆட்டம் நின்னுடக்கூடாதுன்னு உங்ககூட ஆடினது நான்தான். நான் ஒருநாள்கூட விட்டுக்கொடுக்கல, எனக்கு நிஜமாவே அவ்ளோதான் ஆட வரும்."