தோற்பதற்கு அரைப் பூசணி

பூசணிக்காய் கருகுவேனா என்று அடம்பிடித்தது.

டாக்ஸிக்காரர் அடுப்பை முழு வேகத்தில் எரியவிட்டு, வேண்டுமென்றே கூடத்துக்குப் போய் உட்கார்ந்து, பழைய பேப்பர் ஒன்றை முதல் பக்கத்திலிருந்து விளையாட்டுப் பக்கம் வரை படித்துவிட்டு வந்தார். வந்து பார்த்தால் மஞ்சள் துண்டுகள் ஓரத்தில் மட்டும் கறுத்து, நடுவில் பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தன. சரி, இன்னும் கொஞ்ச நேரம் விடலாம் என்று அவர் திரும்புவதற்குள் மனைவி உள்ளே வந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவர் செய்த எதற்கும் அவள் கண்ணை மூடியதில்லை.

"ஏங்க, இதை எங்க கத்துக்கிட்டீங்க? வெளியில லேசா கருகி, உள்ள அப்படியே கரையுது."

சொல்லிக்கொண்டே அடுப்பை அணைத்தாள். டாக்ஸிக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

சமையல் நன்றாக வந்ததற்கு ஒரு மனிதர் ஏன் தலையில் கையை வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவருடைய மாமனாரைப் பற்றித் தெரிந்தால் கேட்க மாட்டீர்கள்.

மாமனார் ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் அலுவலகத்தில் தேர்வு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோகம் முழுக்க அடுத்தவர் ஓட்டும் வண்டியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அவர்களை ஃபெயில் ஆக்குவதே வேலை. ஓய்வு கொடுத்தது அலுவலகம்தான், அவர் வாங்கிக்கொள்ளவில்லை. போன வருஷம் மூத்த மகள் வீட்டுக்கு வந்து இருந்தபோது, வீட்டில் சும்மா இருப்பானேன் என்று மாப்பிள்ளையின் டாக்ஸியில் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். பின் சீட்டில் பயணி. முன் சீட்டில் மாமனார்.

கண்ணாடி பார்க்கவில்லை என்பார். கியரை இப்படியா மாற்றுவது என்பார். திரும்புவதற்கு முன் கை காட்டியது தாமதம் என்பார். அதோடு நின்றாலும் பரவாயில்லை. பின்னால் திரும்பிப் பயணியிடம், "இவர் மட்டும் என்கிட்ட வந்திருந்தா லைசென்ஸே வாங்கியிருக்க முடியாது" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். சிரிப்பது அவர் மட்டும்தான். நாள் தவறாமல் வந்துகொண்டிருந்த வக்கீலம்மா ஒருத்தர் அடுத்த வாரமே பஸ்ஸுக்கு மாறினார். கண் டாக்டர் ஒருவர் பாதி வழியில் இறங்கி நடந்தே போனார். கடைசியில் டாக்ஸி கம்பெனி முதலாளி கூப்பிட்டு, இனி ஒரே ஒரு புகார் வந்தாலும் வண்டிச் சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம் என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சாவிதான் வீட்டின் சோறு. இதை மனைவியிடம் சொல்லவும் முடியாது. அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் அவளுக்கு முகம் சுண்டிவிடும். நேரடியாக மாமனாரிடமே வராதீர்கள் என்று சொல்ல, இந்த உலகத்தில் இன்னும் ஒரு மாப்பிள்ளை பிறக்கவில்லை.

இப்போது மாமனார் வீட்டில் கூரையைப் பிரித்து வேலை நடக்கிறது. முடியும் வரை பெரியவர்கள் இரண்டு பேரும் ஏதாவது ஒரு மகள் வீட்டில் இருந்தாக வேண்டும். மகள்கள் இருவருக்கும் ஒரே ஆஸ்பத்திரியில் பகல் வேலை. மாமியார் மகள்கள் வீட்டு அடுப்பில் கை வைப்பதில்லை. ஆக, மதியச் சாப்பாடு மாப்பிள்ளைகள் கையில். மூத்தவர் மத்தியானம் வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வருபவர். இளையவருக்கு வீட்டு வாசலிலேயே மூக்குக்கண்ணாடிக் கடை.

போன வாரம் மனைவி போனை வைத்துவிட்டுச் சிரித்தபடி வந்தாள். ரெண்டு மாப்பிள்ளைகளும் ஆளுக்கு ஒன்று சமைக்க வேண்டுமாம். அப்பா சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் யார் வீட்டில் இருப்பது என்று முடிவு செய்வாராம். தங்கச்சிக்கு ஒரே உற்சாகம். சும்மா தமாஷுக்குத்தான் என்றாள். மறுநாளே மாமனார் ஒரு மஞ்சள் பூசணிக்காய் வாங்கி, அளவுகோல் வைத்துச் சரிபாதியாக வெட்டி, ஆளுக்கு ஒரு பாதி அனுப்பி வைத்தார்.

தமாஷாம். டாக்ஸிக்காரர் அன்று ராத்திரியே தீர்மானம் செய்துவிட்டார்: தோற்க வேண்டும். சும்மா தோற்றால் போதாது. மாமனார் தன் வீட்டுத் தெருப் பக்கமே தலைவைத்துப் படுக்காத அளவுக்குத் தோற்க வேண்டும்.

கருக்குவது பலிக்கவில்லை. அடுத்து உப்பு. மனைவி அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, உப்பு ஜாடிக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் போட்டார். நல்ல வேளை, இனிமேல் மனிதன் வாயில் வைக்க முடியாது என்று நெஞ்சை நிமிர்த்தினார். மனைவி கரண்டியால் தொட்டு நாக்கில் வைத்தாள், முகம் கோணியது. அவருக்கு மனம் குளிர்ந்தது. ஆனால் அவள் பதறவில்லை. "ஆம்பளை கைக்கு உப்பு அளவு தெரியாது, இதுக்குப் போய் மூஞ்சியைத் தொங்கப் போடாதீங்க" என்று தைரியம் சொல்லி, துண்டுகளை மசித்து, தண்ணீரும் பாலும் ஊற்றிக் கொதிக்கவிட்டாள். கெட்டியாக, தங்க நிறத்தில் ஒரு சூப் உருவானது. உப்பு கச்சிதமாக இருந்தது.

மாப்பிள்ளைதான் சமைக்க வேண்டும், நீ கை வைக்கக் கூடாது என்று அவளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். வீட்டிலிருந்த எலுமிச்சம்பழம் அத்தனையும் பிழிந்தார். ருசி பார்த்தார். இனிப்பும் புளிப்பும் கைகோத்துக்கொண்டு நாக்கில் நடனமாடின. அட கண்றாவியே என்று மிளகாய்த்தூளைக் கொட்டினார். உறைப்பு சேர்ந்ததும் அது இன்னொரு கரண்டி கேட்டது. தன்னை அறியாமல் மூன்று கரண்டி குடித்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டார். கடைசியாகக் காப்பித்தூள் டப்பாவைத் திறந்தார். காப்பித்தூள் போட்ட பூசணிக்காயை எவன் சாப்பிடுவான்?

மாடி வீட்டுக்காரர் சாப்பிட்டார். வாசனை பிடித்துக்கொண்டு கிண்ணத்தோடு இறங்கி வந்தவர், நின்ற வாக்கிலேயே குடித்துவிட்டு, டாக்ஸி ஓட்டுவதை விட்டுவிட்டு ஓட்டல் வைக்கலாமே என்றார். அந்த மனிதர் யாரையும் பாராட்டியதாக அக்கம்பக்கத்தில் பேச்சே கிடையாது.

கெடுப்பதற்கு வீட்டில் வேறு பொருள் இல்லை. அரைப் பூசணியும் தீர்ந்துவிட்டது. இதுவரை ஒழுங்காகச் சோறு வடிக்கத் தெரியாமல் இருந்த கைக்கு இன்றைக்குப் பார்த்தா ராசி வர வேண்டும் என்று மனிதர் நொந்துபோனார்.

சகலை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், பாத்திரம் கவிழட்டும் என்று பிரேக்கை உதைத்து உதைத்து ஓட்டினார். மனைவி பாத்திரத்தைக் குழந்தையைப் போல மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு, அப்பா மட்டும் இதைப் பார்த்தால் தொலைந்தீர்கள் என்றாள்.

போய்ச் சேர்ந்தபோது பெரியவர்கள் முன்னாலேயே வந்திருந்தார்கள். அவர்களுடைய பெரிய பெட்டி, எந்த வீடு என்று முடிவாகாமல், வாசல் நடையிலேயே நின்றுகொண்டிருந்தது. டாக்ஸிக்காரர் அதைப் பார்த்ததும் வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சமையலறையில் சகலை தனியாக நின்றிருந்தார். மூக்குக்கண்ணாடியெல்லாம் ஆவி, மூன்று விரலில் கட்டு. தங்கமான பிள்ளை. மூன்று நாளாக வீடியோ பார்த்துப் பார்த்துச் சமைத்திருக்கிறார்.

"அண்ணே, கொஞ்சம் பாருங்க, ஏதோ சரியில்ல."

டாக்ஸிக்காரர் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். தோலோடு போட்ட துண்டுகள் வெளியே குழைந்து உள்ளே பச்சையாக இருந்தன. போதாதற்கு, வாசனைக்காக என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் புதினா எசென்ஸை ஊற்றியிருந்தார். பல் விளக்கிவிட்டு வாய் கொப்பளிக்காமல் பூசணிக்காயைக் கடித்தால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது. டாக்ஸிக்காரர் நம்ப முடியாமல் இன்னொரு வாய் எடுத்துப் பார்த்தார். காலையிலிருந்து உயிரைக் கொடுத்து முயன்றும் தனக்கு வராத ஒன்று, இந்தப் பிள்ளைக்குத் தானாக வந்திருக்கிறது.

சகலைக்குக் கண் கலங்கியது. கல்யாணமான நாளிலிருந்து மாமா ஒரு ராத்திரி கூட இந்த வீட்டில் தங்கியதில்லையாம். அக்கா வீடுதான் வீடு, நம்ம வீடு சத்திரமா என்று மனைவி அழுகிறாளாம். எப்படியாவது இந்தத் தடவை ஜெயித்து, அவரைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

மாமனாரோடு ஒரே கூரையின் கீழ் இருந்து பார்க்காதவன் பேசுகிற பேச்சு இது என்று டாக்ஸிக்காரர் நினைத்துக்கொண்டார். ஆனாலும் மனதுக்குள் ஒரு விளக்கு எரிந்தது.

மாமனார் கூடத்திலிருந்து விதிகளை அறிவித்தார். யார் சமைத்தது என்று தேர்வாளருக்குத் தெரியக் கூடாது. இரண்டும் ஒரே மாதிரி வெள்ளைக் கிண்ணத்தில், மூடிபோட்டு வர வேண்டும். யாருக்கு எந்த நம்பர் என்பதை மாமியார் முடிவு செய்வார். இது மற்றவர்களுக்குத் தெரிந்தால் போதும். அவர் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிடுவார். மாமியார் மட்டும் பரிமாறலாம். மாமியார், மூத்தவர் ஒன்று, இளையவர் இரண்டு என்று மற்றவர்களிடம் மட்டும் கிசுகிசுத்து, மூடிகளில் நம்பரை ஒட்டி வைத்துவிட்டு, கரண்டி எடுக்கப் போனார்.

சகலை முகம் கழுவப் போயிருந்தார். சமையலறையில் யாருமில்லை. டாக்ஸிக்காரர் இரண்டு மூடியையும் தூக்கி இடம் மாற்றி வைத்தார். ஒரு நொடி வேலை. தன் வேலையும் பிழைத்தது, சகலை வீட்டு அழுகையும் தீர்ந்தது. இதைவிடப் புண்ணியம் எங்கே இருக்கிறது? மாமியார் திரும்பி வந்தபோது அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். தம்ளர் காலி என்பதை அந்த அம்மா கவனிக்கவில்லை.

உள் அறைக் கதவு சாத்தப்பட்டது. வெளியே நான்கு பேரும் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் ஒரு கரண்டிச் சத்தம். பிறகு இருமல். யாரோ செம்பில் தண்ணீர் ஊற்றும் சத்தம். அடுத்த கிண்ணத்துக்கு மட்டும் கரண்டிச் சத்தம் நிற்கவே இல்லை. கடைசியில் கிண்ணத்தைச் சுரண்டுவது கூடத்துக்கே கேட்டது.

மாமனார் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"ரெண்டாம் நம்பர் பாஸ். நூத்துக்குத் தொண்ணூத்தி மூணு. என் சர்வீஸ்ல நான் யாருக்கும் இவ்வளவு போட்டதில்ல." மூக்கைச் சுளித்தார். "ஒண்ணாம் நம்பர் ஃபெயில். அந்த ஆளை அடுப்புப் பக்கம் விடறதே ஆபத்து."

சகலை ஒன்றும் புரியாமல் தன் விரல் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மச்சினி கைதட்டினாள். டாக்ஸிக்காரரின் மனைவிக்கு மட்டும் ரத்தம் கொதித்தது. அப்பாவுக்கு எப்பவும் சின்னவள்தான் செல்லம், மாடி வீட்டுக்காரர் கிண்ணத்தை நக்கினார், இதில் எப்படி ஃபெயில், நானே போய் ருசி பார்க்கிறேன் என்று எழுந்தாள். டாக்ஸிக்காரர் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார். தேர்வாளர் தீர்ப்புக்கு மறுபேச்சு கிடையாது, சின்னவன் ஜெயித்தால் நமக்கும் சந்தோஷம்தானே என்று பெருந்தன்மையாகப் பேசினார். தன் புருஷன் இவ்வளவு பெரிய மனிதனா என்று அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். சத்தியமாக அவருக்கே கொஞ்சம் அப்படித்தான் தோன்றியது.

சகலையைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டினார். காலையிலிருந்து சரியாக வராத மூச்சு இப்போது நெஞ்சு நிறைய வந்தது. வண்டிச் சாவி தன்னிடமே, முன் சீட்டு காலி, வக்கீலம்மா கூடத் திரும்பி வந்தாலும் வரலாம். சந்தோஷம் தாங்காமல் வாசலுக்குப் போய், பெரிய பெட்டியை ஒரே மூச்சில் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"மாமா ரூம் எது தம்பி? மாடியா, கீழயா? நானே கொண்டுபோய் வச்சிடறேன்."

மாமனார் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். காலிக் கிண்ணத்தையும் காலியாகாத கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு பின்னால் வந்த மாமியார்தான் அவரை நிறுத்தினார்.

"பெட்டியை உங்க வண்டியில வைங்க மாப்பிள்ளை. பத்து கிலோ குறைச்சே ஆகணும்னு டாக்டர் கண்டிப்பா சொன்னதுலேர்ந்து, வாயில வைக்க விளங்காத சமையல் எந்த வீட்ல கிடைக்கும்னுதானே இவர் தேடிக்கிட்டிருந்தார்."