'நல்ல இடம்' மாமா

பெண்பிள்ளைகளின் படிப்பில் அளவு கடந்த அக்கறையுள்ள ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. "படிக்க வேண்டாம்னு நான் சொல்வேனா?" என்றுதான் வாயைத் திறப்பார்கள். அத்தோடு அந்த வீட்டில் படிப்பு முடிந்தது.

அவர்களில் ஒருவர் இந்த மாமா. முதுகுக்குப் பின்னால் உறவுக்காரர்கள் வைத்த பெயர் 'நல்ல இடம்'. யார் வீட்டுப் பெண் பத்தாம் வகுப்பைத் தொட்டாலும் இவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். பள்ளி ஆண்டு விழாவில் மாலை போட்டுக்கொண்டு, பெண்கல்வியைப் பற்றித் தொண்டை கட்டும்வரை முழங்கி, பரிசு வாங்க மேடையேறும் பெண்களில் யார் உயரம், யார் நிறம், யார் அடக்கம் என்று கண்ணாலேயே எடைபோட்டு, வீடு திரும்புவதற்குள் இரண்டு மாப்பிள்ளைகளை யோசித்து வைத்துவிடுவார். சேவைதான். வேறென்ன?

அன்று தங்கை வீட்டுக்கு வந்தார். தங்கை மகளுக்குப் பதினாறு வயது. சாப்பாட்டு மேசையில் மறுநாள் கணக்குப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் புத்தகங்களை ஓரமாகத் தள்ளி, தன் டீ டம்ளருக்கு இடம் பண்ணிக்கொண்டார் மாமா.

"நல்ல இடம் ஒண்ணு வந்திருக்கு மச்சான். பையனுக்குச் சொந்தக் கடை. நம்ம வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல? காலாகாலத்துல முடிச்சிடணும்."

"பரீட்சை வருதே..." என்று இழுத்தார் பெண்ணின் அப்பா.

"எழுதட்டுமே! கல்யாணத்துக்கு அப்புறம் படிக்கட்டுமே! அவங்க வேண்டாம்னா சொல்லப்போறாங்க?"

மாப்பிள்ளை வீட்டாரைக் கேட்டாரா? அதெல்லாம் எதற்கு? எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணையே கேட்கவில்லையே.

பெண் பேனாவைக் கீழே வைத்தாள். "உங்க வீட்டு அக்காவுக்கு எப்ப மாமா கல்யாணம்?"

மாமாவின் மகள் வெளியூரில் டாக்டருக்குப் படிக்கிறாள். வயது இருபத்து மூன்று.

"அவளா? அவ சின்னப் பொண்ணும்மா! முதல்ல படிப்பு முடியட்டும்" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

பிஸ்கட் தட்டோடு வந்த தங்கை அப்படியே நின்றுவிட்டாள். அண்ணன் முன்னால் குரலை உயர்த்தியே அறியாதவள்.

"அண்ணே, எனக்கும் நல்ல இடம்னுதான் கொண்டுவந்தீங்க. அப்புறம் படிக்கலாம்னு சொன்னீங்க. எனக்கு ஒரு பொண்ணு பொறந்து, அவளே பரீட்சைக்குப் படிக்கிறா. என்னோட அப்புறம் இன்னும் வரலை."

அந்த நல்ல இடமாகிய கணவர் தலையைச் சொறிந்தார். "அவ படிக்கட்டும் மச்சான். இந்தப் பேச்சு இனிமே இங்க வேண்டாம்" என்றார்.

"நல்லதுக்குச் சொன்னா யாரு கேக்குறா?" என்று படியிறங்கிய மாமா, தெருமுனை திரும்புவதற்குள் செல்போனை எடுத்து, அதே கடைக்காரப் பையனுக்காக இன்னொரு வீட்டில் பேச ஆரம்பித்துவிட்டார். அந்த வீட்டில் எதிர்த்துக் கேட்க யாரும் இல்லை. அந்த வீட்டுப் பெண்ணின் இருக்கை வகுப்பில் இப்போது காலி.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் பள்ளிக்கூடப் பையோடு எதிரே வந்தபோது, "அடேயப்பா, என்னமா வளந்துட்டா! எப்ப கல்யாணச் சாப்பாடு?" என்று கேட்டது யார்? சும்மா விளையாட்டுக்குத்தான் கேட்டீர்கள், தெரியும். மாமாவும் அப்படித்தான் ஆரம்பித்தார்.