எட்டாவது திட்டம்

ஒஃபேலியா பர்ரகானுக்கு இடுப்பு கழன்று விழுகிற மாதிரி வலித்தது. காலை ஐந்தரையிலிருந்து மூன்று மணி வரை பழம் அடைக்கும் ஷெட்டில் ஆரஞ்சுப் பெட்டி தூக்கிய இடுப்பு அது. கல்லூரி ஆலோசனை அறையின் பிளாஸ்டிக் நாற்காலி அதை இன்னும் கொஞ்சம் முறுக்கியது. அவள் கையில் இருந்த எண் நாற்பத்தொன்று. இருபத்தேழைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிரச்சினை சின்னதுதான். முதல் வருடம் ஒழுங்காகப் படித்தாள். போன ஆகஸ்டில் மூன்று வாரம் வகுப்புக்குப் போனாள். நான்காவது வாரம் பீச் பழம் குவிந்துவிட்டது. ஷெட்டில் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைத்தார்கள். படிப்பை விட்டுவிட்டாள். இப்போது ஜனவரியில், விட்ட இடத்தில் தொடரலாமா என்று கேட்க வந்திருந்தாள்.

ஆலோசகர் வாட்ரஸ் ஒரு தொட்டிச் செடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எங்கேயும் வலிப்பதாகத் தெரியவில்லை.

"ஒரு பருவம் விட்டுட்டீங்களே. நீங்க சேர்ந்த வருஷத்துப் பாடக் கையேடு இனி உங்களுக்குச் செல்லாது. புதுக் கையேடுதான்."

"அதுல என்ன சார் மாத்தம்?"

"நீங்க முதல்லயே முடிச்சீங்களே சத்துணவுப் பாடம், அது கணக்குல வராது."

"உடல்நலக் கல்வின்னு சொல்றீங்க. சாப்பாடு அதுல சேராதா?"

"இந்த வருஷம் சேராது."

புதுத் திட்டத்தை அச்சடித்துக் கொடுத்தார். இங்கே அறுபது யூனிட் பாடம். பிறகு மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறுதல். அங்கே இரண்டு வருடம். உடல்நலக் கல்வியில் பட்டம். அதன் பொடி எழுத்து கண்ணுக்குப் பிடிபடவில்லை; பாடங்களின் பெயரை ஒஃபேலியா ஒரு மஞ்சள் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். ஷெட்டில் வேலை நேர அட்டை அடிக்கும் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வருடந்தோறும் ஒட்டுகிற தாள் அது. ஷெட்டுச் சுவரில் ஒட்டுவதை யாரும் படிப்பதில்லை. அங்கே இருப்பதெல்லாம் 'செய்யாதே' என்றுதான் இருக்கும். ஆனால் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. எழுத வசதி.

இத்தனை பாடும் ரொசெண்டாவைப் பார்த்து வந்த வினை. கிளினிக்கின் வெள்ளை வேனில், வருடத்தில் நான்கு முறை ஷெட்டுக்கு வருவாள். கையில் பிளாஸ்டிக் முதுகெலும்பு ஒன்று. "முழங்காலை மடக்குங்க, இடுப்பை மடக்காதீங்க" என்று அரை மணி நேரம் பேசுவாள். கழுத்தில் பெயர் அட்டை. வேனில் குளிர்சாதனம். ஒஃபேலியாவுக்கு முப்பத்தெட்டு வயது. இன்னும் ஐந்து வருடம் பெட்டி தூக்கினால் நிமிர முடியாது என்று அவளுக்கே தெரியும். அந்த அட்டை தன் கழுத்தில் தொங்க வேண்டும். அதற்குப் பட்டம் வேண்டும். பட்டம் இல்லாமல் அப்படிப்பட்டவளிடம் வாய் கொடுக்க அவளுக்குக் கூச்சம். இதுவரை ரொசெண்டாவிடம் 'வணக்கம் மேடம்' தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை.

அடுத்த ஆகஸ்டில் படிப்பு அறுந்துபோகக் கூடாதே என்று இன்னொரு ஆலோசகரைப் பார்த்தாள். அந்த அம்மாள் பெயர் ஹால்வர்சன். பேசும்போதே கடலை கொறிப்பாள்.

"ஏதாவது ஒரு வகுப்புல பேர் இருந்தாப் போதும். கையேடு மாறாது."

"எந்த வகுப்பு?"

"உங்க நேரத்துக்கு எது இருக்கோ அது."

அவள் நேரத்துக்கு இருந்தது மண்பாண்டம், மாலை ஏழு மணிக்கு. பன்னிரண்டு மணி நேரம் பீச் தூக்கிவிட்டு வந்த ஒஃபேலியா, சுழலும் களிமண்மேல் கை வைத்தபடியே தூங்கிப்போனாள். சட்டி ஆக வேண்டியது சப்பைத் தட்டானது. ஆசிரியர் அதைத் தூக்கிப் பார்த்து, "துணிச்சலான படைப்பு" என்று முதல் தர மதிப்பெண் போட்டார்.

ஒரு மாதத்தில் உதவித்தொகை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. உடல்நலக் கல்விக்குப் படிப்பவருக்கு மண்பாண்டம் எதற்கு? உதவி நிறுத்தப்படுகிறது.

ஹால்வர்சன் அம்மாள் கடலையை நிறுத்தவில்லை. "அதுக்கென்ன? ஒரு பருவத்துக்கு மட்டும் உங்க படிப்பைக் கலைன்னு மாத்திக்கோங்க. மண்பாண்டம் சரியாப் போயிடும். அப்புறம் திரும்ப மாத்திக்கலாம்."

மாற்றினாள். பணம் வந்தது. திரும்ப மாற்றப் போனபோது வாட்ரஸ் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"படிப்பை மாத்துனீங்களா? அப்ப திரும்பவும் புதுக் கையேடு."

"ஐயோ. இப்ப என்ன போச்சு?"

"நல்ல சேதி. சத்துணவு திரும்ப வந்திருக்கு."

"அப்பாடா."

"ஆனா நீங்க படிச்ச பழைய பாடத்துக்கு ரெண்டு வருஷம்தான் ஆயுசு. மறுபடி எடுக்கணும். கணக்குப் பாடமும் போச்சு. இப்ப புள்ளியியல்."

பழம் அழுகுவது ஒஃபேலியாவுக்குத் தெரியும். பாடம் அழுகும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டாள்.

திட்டங்களை அவள் தூக்கிப் போடவில்லை. எது எப்போது திரும்பச் செல்லுபடியாகும் என்று யாருக்குத் தெரியும்? குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். ஏழாவது திட்டம் வந்தபோது காந்தம் தாங்கவில்லை. டிராக்டர் ஓட்டிவிட்டு வந்த அவள் கணவன் எவரிஸ்தோ கதவைத் திறந்தான். எல்லாம் அவன் காலில் கொட்டியது.

"பீன்ஸ் எடுக்கத் திறந்தா உன் எதிர்காலம் கொட்டுது, டீச்சரம்மா."

"மிதிக்காதே. அது புள்ளியியல்."

"எந்த வருஷத்து உடல்நலம்டி இது? இதப் படிக்க ஆரம்பிச்சப்போ நீ நேரா நடந்தே. இப்போ பாரு, நண்டு மாதிரி நடக்குறே."

"இன்னும் கொஞ்சம்தான்."

"கொஞ்சம் கொஞ்சம்னு நம்ம பொண்ணு பள்ளிக்கூடமே முடிச்சிட்டா. அவளும் நீயும் ஒரே பெஞ்சுல உக்காரப்போறீங்க. அவ உன்ன அக்கான்னு கூப்பிடட்டும்."

ஒஃபேலியா குனிந்து தாள்களைப் பொறுக்கினாள். இடுப்பை மடக்காமல், முழங்காலை மடக்கித்தான் பொறுக்கினாள். அந்த அளவுக்குப் படித்திருந்தாள்.

படிக்கச் சேர்ந்த ஏழாம் வருடம் மே மாதம் வாட்ரஸ் எட்டாவது திட்டத்தை அச்சடித்தார். செடி கூரையைத் தொட்டிருந்தது.

"வாழ்த்துக்கள். ஐம்பத்தொன்பது யூனிட் ஆச்சு."

"அறுபது வேணுமே?"

"ஆமா, ஒண்ணு குறையுது. உடற்பயிற்சி. ஒரே ஒரு யூனிட்தான், ரொம்பச் சுலபம். நடைப் பயிற்சி எடுத்துக்கோங்க."

"நடையா?"

"நடைதான். செவ்வாய், வியாழன், பகல் பதினோரு மணி. மைதானத்தைச் சுத்தி வரணும்."

"சார், நான் ஷெட்டுல ஒரு நாளைக்கு எட்டு மைல் நடக்குறேன். என்கூட வேலை பாக்குற நிக்கொலாசாவோட போன்ல எண்ணியே பாத்தோம். கையில பெட்டியோட. அதைச் சேத்துக்கக் கூடாதா?"

வாட்ரஸ் உண்மையிலேயே யோசித்தார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அதுக்குப் பாடத்திட்டம் ஏதாவது எழுதி வச்சிருக்காங்களா?"

"மேஸ்திரி கத்துவாரு. அவ்வளவுதான்."

"அப்ப கஷ்டம். இந்தக் கோடைக்கு வகுப்பும் நிரம்பிடுச்சு. ஆகஸ்டுல பாருங்க."

ஆகஸ்டில். பீச் குவிகிற ஆகஸ்டில்.

மறுநாள் காலை வெள்ளை வேன் வந்தது. ரொசெண்டா முதுகெலும்பை ஆட்டிக் காட்டிப் பேசி முடித்தாள். பெண்கள் கொட்டாவி விட்டபடி கலைந்தார்கள். நிக்கொலாசா ஒஃபேலியாவின் விலாவில் இடித்தாள்.

"போய்க் கேளுடி. ஒரு யூனிட்தானே குறை? முக்காலே மூணு வீசம் நீயும் மேடம்தான்."

ஒஃபேலியா கையுறையைக் கழற்றிவிட்டுப் போனாள். எட்டாவது திட்டத்தையும் வழக்கம்போல மஞ்சள் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தாள். அதை நீட்டினாள்.

"மேடம், நானும் உங்க படிப்புதான் படிக்கிறேன். ஆகஸ்டு வகுப்புக்கு எப்படியாவது வழி இருக்கா? நீங்க எப்படிச் சமாளிச்சீங்க?"

ரொசெண்டா தாளை வாங்கிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். பிறகு முன்பக்கம் திருப்பினாள். அவள் முகம் மாறியது.

"இது நான் ஒட்டுற தாளாச்சே!"

"மன்னிச்சிருங்க மேடம். ஒவ்வொரு வருஷமும் நான்தான் கிழிச்சிட்டுப் போறேன். பின்னாடி காலியா இருந்துச்சு."

"நீதானா அது?" ரொசெண்டா தலையில் கை வைத்துக்கொண்டாள். "வருஷா வருஷம் ஒட்டுறேன், ஒரு ஈ காக்கா வரலியேன்னு கிளினிக்ல என்னைத் திட்டுறாங்க. படிச்சியா, இல்லியா? 'உடல்நலப் பணியாளர் தேவை. ஷெட்டில் அல்லது வயலில் ஐந்து வருடம் உழைத்தவராக இருக்க வேண்டும். ஆறு வாரப் பயிற்சி தரப்படும். பட்டம் தேவையில்லை.' நானே பக்கத்து ஊர் ஷெட்டுல தக்காளி பொறுக்கிட்டிருந்தவதான்."

பழம் ஓடும் பட்டை இரைச்சலோடு கிளம்பியது. மேஸ்திரி ஒஃபேலியாவின் பெயரைச் சொல்லிக் கத்தினார். அவள் நகரவில்லை.

"அப்போ உங்க பட்டம், மேடம்?"

ரொசெண்டா முதுகெலும்பைப் பைக்குள் திணித்தபடி சொன்னாள்: "அதே கல்லூரி, அதே வாட்ரஸ்தான். ஒன்பது வருஷமாச்சு. இன்னும் ஒரு யூனிட் பாக்கி, நடைப் பயிற்சி."