செத்துப்போன கொலைகாரன்

"டாக்டர்தான் கொலைகாரன்" என்று அவன் சொல்லி வாய் மூடவில்லை, டி.வி.யில் டாக்டரின் முதுகில் யாரோ கத்தியைச் செருகிவிட்டார்கள்.



"என்ன தம்பி, உங்க கொலைகாரன் குப்புற விழுந்துட்டானே?" என்றார் சகலை. மனைவியின் அக்கா புருஷன், பேங்க் மேனேஜர்.

"நடிக்கிறான்" என்றான் அவன். வேறு என்ன சொல்வது?

கறுப்பு வெள்ளைக் காலத்துத் துப்பறியும் தொடர் அது. ஏதோ ஒரு சேனல் தூசி தட்டி மறுபடி போட்டுக்கொண்டிருந்தது. மாமியார் வீட்டோடு ஒட்டிக்கொண்டிருந்த இன்சூரன்ஸ் குமாஸ்தாவான அவனுக்கு அதுதான் வாழ்வு கொடுத்தது. மத்தியானம் ஆபீசில் சாப்பிட்டுக்கொண்டே அன்றைய கதையை முழுசாக இன்டர்நெட்டில் படித்துவிடுவான். சாயங்காலம் தாடையைத் தடவியபடி, "எனக்கென்னவோ அந்தத் தோட்டக்காரன் மேலதான் சந்தேகம்" என்பான். கடைசியில் தோட்டக்காரன் விலங்கோடு போவான்.

"மூளைன்னா இதுல்ல மூளை!" என்று மாமியார் உருகினார். முக்காலியில் கிடந்தவனுக்கு சோபா கிடைத்தது, ரிமோட் கிடைத்தது. மாடியில் காற்றோட்டமான அறை காலியானதும், அதுவும் அவனுக்கே என்று பேச்சு வந்தது. அங்கேதான் சகலைக்கு வயிறு எரிந்தது.

"இன்னைக்குக் கதை ஆரம்பிக்கறதுக்குள்ள சொல்லட்டும். தப்பாச் சொன்னா மாடி ரூம் எங்களுக்கு!"

பெயர்கள் ஓடும்போதே அவன் டாக்டரைக் கைகாட்டினான். அதன் பலன்தான் இது.

டி.வி.யில் போலீஸ் வந்தது, நாடி பார்த்தது, உதட்டைப் பிதுக்கியது.

"மூச்சை அடக்கிட்டிருக்கான்."

பிரேதப் பரிசோதனையும் நடந்தது.

"அறுத்தே பார்த்துட்டாங்களே மாப்பிள்ளை!" என்றார் மாமியார்.

"அது வேற பொணம் அத்தை. மாத்திட்டான். டாக்டருக்குத் தெரியாதா, எந்தப் பொணம் எங்க இருக்கும்னு?"

டாக்டரின் மனைவி பிணத்தின் முகத்தைப் பார்த்து அலறினாள்.

"அவளும் கூட்டு."

குழியில் இறக்கி மண்ணும் தள்ளினார்கள்.

"அடியில சுரங்கம் இருக்கும்."

மனைவி அவன் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். "தப்புன்னு ஒத்துக்குங்களேன், மானம் போகுது."

"பொறு. எந்திரிச்சு வருவான்."

டாக்டர் எந்திரிக்கவில்லை. கடைசியில் விலங்கோடு ஜீப்பில் ஏறியது பியானோ டீச்சர்.

சகலை மாடி அறையை அளக்க டேப்போடு படியேறினார். மாமியார் ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டார். "இத்தனை நாளும் குருட்டாம்போக்குல அடிச்சு விட்டீங்களாக்கும்!" மனைவி அவன் பக்கமே திரும்பாமல் உள்ளே போய்விட்டாள்.

அவன் செல்போனை எடுத்து அந்தப் பக்கத்தை மறுபடி படித்தான். டாக்டர் என்றுதான் போட்டிருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். அப்போதும் டாக்டர்தான்.

மாமனார் மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த வீட்டில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. அவரும் பேசுவதை விட்டு வெகு காலமாகியிருந்தது. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவன் செல்போனை எட்டிப் பார்த்தார்.

"மூடி வைங்க மாப்பிள்ளை. அந்தக் கதையெல்லாம் இன்டர்நெட்டுல எழுதிப் போடறதே நான்தான். உலகத்துலயே ஒரே ஒரு ஆள்தான் தினமும் மத்தியானம் வந்து படிக்கறார். யாருன்னு கண்டுபிடிக்கத்தான் இன்னைக்குக் கொலைகாரனை மாத்தி வெச்சேன்."