எங்கள் ஊரில் பஸ் நிற்காமல் போன வரலாறு

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. சோறு தின்னும்போதே எழுந்துபோய் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் ரசம் ஊற்றிக்கொள்வேன். இப்படிப்பட்ட ஒருத்தி நூலகராகப் போனால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. நூலக அறிவியல் படித்து முடித்திருந்தேன். ஆனால் எந்தப் புத்தகத்தையும் கடைசிப் பக்கம் வரை படித்ததில்லை. (முடிவெல்லாம் வாசகர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான். "எப்படி இருந்துச்சு, கடைசியில என்ன ஆச்சு?" என்று கேட்டால் அக்கறையான நூலகர் என்று நினைத்துக்கொள்வார்கள்.)

சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவே, வாழைத் தோப்புகளுக்கு இடையில் எங்கள் ஊர். அங்கே ஒரே அறையில் ஒரு நூலகம். இருந்த நூலகர் மாற்றலாகிப் போனதும், படித்துவிட்டு வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்த என்னைத் தற்காலிகமாக அங்கே போட்டார்கள். கோடை விடுமுறை தொடங்கியது. நூலகத்துக்குள் மின்விசிறி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் வந்து சேர்ந்தார்கள். சும்மா இருக்கத் தெரியாத நான் ஒரு கோடை முகாம் அறிவித்தேன். தலைப்பு: 'நம்ம ஊர் வரலாறு.'

"பெரியவங்ககிட்டப் போயி, நம்ம ஊருல என்னென்ன நடந்துச்சுன்னு கேளுங்க. அவுக சொன்னத அப்படியே நாடகமா எழுதிக் கொண்டாங்க. எதையும் மறைக்கக் கூடாது. மறைச்சா அது வரலாறு இல்ல" என்றேன், பெரிய ஆராய்ச்சியாளர் மாதிரி.

பிள்ளைகள் போனார்கள், கேட்டார்கள், எழுதினார்கள். நான் குழாயடிக்கும் மேசைக்கும் நடுவே நடந்துகொண்டே ஒவ்வொரு நாடகத்திலும் முதல் பக்கத்தைப் படித்து, "பிரமாதம்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். 'எங்கள் ஊரில் பஸ் நிற்காமல் போன வரலாறு' என்ற நாடகமும் அதில் ஒன்று. அது எங்கள் அப்பா சொன்ன கதை. என் அப்பா ஒரு பாம்பைப் பார்த்தால், வீடு வந்து சேர்வதற்குள் அது நாலு பாம்பாகிவிடும். அந்த பஸ் கதையை வீட்டிலும் பலமுறை ஆரம்பித்திருக்கிறார். நான்தான் ஒருமுறையும் கடைசி வரை உட்கார்ந்து கேட்டதில்லை.

அதே சமயத்தில் எனக்கு மாப்பிள்ளையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடமலைக்குண்டுப் பக்கம். மாப்பிள்ளைக்குக் கால்நடைத் துறையில் வேலை. அவருடைய அப்பா "ஏதோ டிரான்ஸ்போர்ட்டுல இருந்து ரிட்டயர் ஆனவரு" என்று தரகர் சொன்னார். லாரி ஆபீஸாக இருக்கும் என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம். மாப்பிள்ளை சரவணன் என்னிடம் ஒருமுறை போனில் பேசினார். சமைக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை. "பேசிக்கிட்டே நடக்குறீங்களா? கொலுசுச் சத்தம் கேக்குதே" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியிலேயே எனக்கு இந்த மனிதர்தான் என்று ஆகிவிட்டது. அதன்பிறகு நடை இன்னும் கூடிப்போயிற்று.

பெண் பார்க்கும் நாளை அம்மாதான் குறித்தாள். "முகாம் கடைசி நாளைக்கே வரச் சொல்லு. வீட்டுல வச்சுப் பார்த்தா நீ அங்கிட்டும் இங்கிட்டும் அலையிறதத்தான் பாப்பாக. மேடையில பார்த்தா, புள்ள எம்புட்டு வேல பாக்குதுன்னு நெனப்பாக."

அம்மாவின் கணக்கு நல்ல கணக்குதான்.

அன்று சாயங்காலம் நூலகத்துக்கு முன்னால் பந்தல். முன் வரிசையில் மாப்பிள்ளை வீட்டார் மூன்றே பேர். சரவணன், அவருடைய அம்மா, அப்பா. அப்பா நல்ல பருமன், வழுக்கைத் தலை, வெள்ளை வேட்டி சட்டை. அவர் ஊருக்குள் நுழைந்ததிலிருந்தே ஒரு மாதிரி சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தார். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. நான் மைக்கைச் சரிசெய்வதும், பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுப்பதும், கண்ணாடி பார்ப்பதுமாகப் பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

கிணறு வெட்டிய வரலாறு முடிந்தது. திராட்சைக் கொடி வந்த வரலாறு முடிந்தது. அடுத்து பஸ்.

நூலகத்து பெஞ்சுகள்தான் பஸ். சாப்பாட்டுத் தட்டு ஸ்டியரிங். என் அப்பாவாக நடித்தது யாழினி என்ற சிறுமி. கண் மையால் மீசை வரைந்து, வேட்டியை மடித்துக் கட்டியிருந்தாள். கண்டக்டராக வந்தவன் கவின். தோளில் பை, கழுத்தில் விசில்.

"ஏய்யா கொக்கு கண்டக்டரு! ஊரு இங்கன இருக்கு, பஸ்ஸ எதுக்குய்யா தெனமும் பாலத்துக்கிட்டக் கொண்டுபோயி நிப்பாட்டுறீரு?" என்றாள் யாழினி.

"அது எங்க இஷ்டம். எறங்கி நடங்க" என்றான் கவின்.

யாழினி பஸ்ஸுக்குள்ளிருந்தே எட்டி அவன் கழுத்திலிருந்த விசிலைப் பறித்து இரண்டு தரம் ஊதினாள். ஒரு விசில் என்றால் வண்டி நிற்கும், இரண்டு என்றால் கிளம்பும். பெஞ்சு பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது. கீழே நின்ற கண்டக்டர் அதன் பின்னால் ஓட ஆரம்பித்தான். பந்தலைச் சுற்றி ஓடினான். "நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க" என்று கதறினான். சாணியில் விழுந்து எழுந்தான். தேம்பித் தேம்பி அழுதான். கடைசியில் யாழினியின் காலில் விழுந்து, "அண்ணே, நீங்கதான்ணே என் தெய்வம். இனிமே ஊருக்குள்ளயே நிப்பாட்டுறேன்" என்றான்.

ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது சரவணனின் அம்மாதான். சிரித்துக்கொண்டே கணவர் பக்கம் திரும்பினார். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

அவர் எழுந்து மேடைக்கு வந்தார். பிள்ளைகளை வாழ்த்தப் போகிறார் என்று நினைத்து, மைக்கை ஓடிப்போய்க் கையில் கொடுத்தேன். (யார் கொடுத்தது? நானேதான்.)

"நான் சாணியில விழுகல" என்றார்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"விழுந்தது மணல்ல. அழுகவும் இல்ல. எவன் காலுலயும் விழுகல."

அந்தக் கண்டக்டரே இவர்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. இந்தப் பள்ளத்தாக்கில் இருப்பது ஒரே பெரிய ரோடு. அதில் கண்டக்டராக இருந்தவர் ஏதாவது ஓர் ஊரோடு மோதாமல் ரிட்டயர் ஆகியிருக்க முடியாது. அந்த ஊர் எங்கள் ஊராக இருந்திருக்க வேண்டாம், அவ்வளவுதான்.

அப்போது கவின் கையைத் தூக்கினான். சந்தேகம் வந்தால் கை தூக்கிக் கேட்க வேண்டும் என்று பழக்கியிருந்தேன். "ஐயா, அப்ப நெசமா எம்புட்டுத் தூரம் ஓடுனீக?"

"அடுத்த ஊரு வரைக்கும்" என்று அவர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். கைதட்டல் பந்தலைப் பிய்த்தது.

அதற்குள் அவர் மனைவி எழுந்துவிட்டார். "ஏங்க, கல்யாணமான புதுசுல முட்டியப் பேத்துக்கிட்டு வந்தீகளே, அது இந்த ஓட்டந்தானா? பஸ்ஸு பிரேக்டவுனு, எறங்கித் தள்ளுனேன்னுல சொன்னீக?"

இந்த நேரம் பார்த்து என் அப்பா ஆசையாக மேடைக்கு ஓடிவந்தார். "அட, கொக்கு! நீதானாய்யா அது? அடையாளமே தெரியல. கொக்கு மாதிரி ஒல்லியா இருந்த ஆளு, என்னய்யா இப்படி ஊதிப்போயிட்ட?"

"ஊதுனது நீருய்யா!" என்று அவர் கத்தியது மைக் வழியாக வாழைத் தோப்பு வரை கேட்டது. "சரவணா, வண்டிய எடு. இந்த வீட்டுல பொண்ணெடுத்தா நம்மளப் பூரா ஓட விட்டுருவாக."

மூன்று பேரும் காரில் ஏறினார்கள். சரவணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். கார் கிளம்பியது. அவர் விட்டுப்போன மைக்கோடு நான் மேடையில் நின்றேன். "அடுத்த நிகழ்ச்சி" என்று ஆரம்பித்தேன். அடுத்த நிகழ்ச்சி என்று ஒன்றும் இல்லை. என் கால் தரிக்கவில்லை. மைக்கை யாழினி கையில் திணித்துவிட்டு, பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காரின் பின்னால் ஓட ஆரம்பித்தேன்.

எதற்கு ஓடினேன் என்று இன்றுவரை கேட்கிறார்கள். மன்னிப்புக் கேட்க என்று சொல்லிக்கொள்கிறேன். உண்மையில், அவர் போகிறாரே என்றுதான் ஓடினேன். கொலுசுச் சத்தத்தைக் கேட்ட ஒரே மனிதர் காரில் போய்க்கொண்டிருந்தார். ஒரு செருப்பு வாய்க்கால் ஓரத்தில் கழன்றது. பின்னாலிருந்து யாரோ மைக்கில், "ஏலே, அங்கன பாருங்கடா, அடுத்த வரலாறு ஓடுது!" என்று கத்தினார்கள். (குரல் என் சித்தப்பா குரல். அவர் இன்னமும் மறுக்கிறார்.)

பாலம் தாண்டி கார் நின்றது. முன் இருக்கையிலிருந்து சரவணனின் அப்பா இறங்கினார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரு காலில் செருப்போடு அவர் முன்னால் நின்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். காருக்குள் கையை விட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார்.

"மொதல்ல குடி, ஆத்தா. ஓடுனவுடனே பேச வராது. எனக்குத் தெரியும்."

குடித்தேன். "தப்பு நடந்துபோச்சு மாமா" என்றேன். "உங்க பக்கத்தக் கேக்காமலே எழுதிட்டாக. நானும் முழுசாப் படிக்கல."

"அன்னைக்கு அந்த டிரைவரு கண்ணாடியில என்னயப் பார்த்துட்டுத்தான் போனான்" என்றார் அவர். "பார்த்துக்கிட்டே போனான். அதுதான் எனக்கு இம்புட்டு வருசமும் ஆறல. ஒங்கப்பன் ஊதுனது இல்ல." பிறகு மகன் பக்கம் திரும்பினார். "ஓடியாறவளப் பார்த்தும் நிப்பாட்டாமப் போக நான் என்ன அந்த டிரைவரா? வண்டியத் திருப்புடா."

திரும்பி வந்தோம். பந்தலில் ஒருத்தர்கூட எழுந்து போயிருக்கவில்லை. மாமா மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தன் பக்கத்தைச் சொன்னார். என் அப்பா ஒவ்வொரு வரிக்கும் குறுக்கே பாய்ந்தார். நான் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கதையைக் கடைசி வரை உட்கார்ந்து கேட்டேன். எழுந்தால் சேலை விலகும், செருப்பில்லாத கால் தெரியும் என்பதும் ஒரு காரணம்.

ஆவணியில் கல்யாணம். தான் அன்று இரண்டாவது கியரில்தான் போனதாகவும், நான் ஓடிவருவேன் என்று தெரிந்தே மெதுவாகப் போனதாகவும் சரவணன் சொல்கிறார். அப்படியென்றால் எனக்கு ஏன் அப்படி மூச்சு வாங்கியது என்று கேட்டால், மாட்டுக்கு ஊசி போடணும் என்று கிளம்பிவிடுகிறார்.

இதில் மிஞ்சியது என் மாமியாரின் ஒரு கேள்வி. புருஷன் பேச்சை நம்பி ஏமாந்த கோபமோ என்னவோ, அன்றிலிருந்து வீட்டில் யார் எதைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னாலும், "இது நெசமா நடந்ததா, நூலகத்துல நடந்ததா?" என்று கேட்பார். என் அப்பா வீட்டுக்கு வந்தால் இந்தக் கேள்வி ஓயவே ஓயாது. போன வாரம் எனக்கு உடம்பு முடியவில்லை. டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். ராத்திரி முழுக்க அனலாகக் கொதித்தது, எழுந்திருக்கவே முடியவில்லை என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாமியார் டாக்டர் பக்கம் குனிந்தார்.

"மொதல்ல தெர்மாமீட்டர வையுங்க டாக்டர். நெசக் காய்ச்சலா, நூலகக் காய்ச்சலான்னு பாத்துருவோம்."